பியானோ வகுப்பு வாசலில் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் வீட்டிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். 11 வருடமாகிறது. வகுப்பு முடிந்து பிள்ளை செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். பாதி பதிலில் ஆட்டோ வந்துவிடும். அதே கேள்வியை அடுத்த வாரம் இன்னொருவர் கேட்பார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"மிஸ், பியானோவே வாங்கணுமா? இப்போதைக்கு ஒரு கீபோர்டு போதாதா?"

முதல் வருடத்துக்குக் கீபோர்டே போதும். 61 கட்டை இருந்தால் சரி. ஆனால் ஒன்று பார்த்து வாங்குங்கள்: மெல்ல அழுத்தினால் மெல்லவும், அழுத்தி அடித்தால் உரக்கவும் கேட்க வேண்டும். கடையில் 'டச் சென்சிட்டிவ்' என்று கேளுங்கள். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவைச் செய்ததே இதற்காகத்தான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவுதான். பியானோஃபோர்டே என்ற முழுப்பெயருக்கே 'மெல்ல, உரக்க' என்றுதான் பொருள். எப்படித் தட்டினாலும் ஒரே மாதிரி கத்துகிற பொம்மைக் கீபோர்டில் பிள்ளை பத்து நாளில் அலுத்துப்போனால் அது பிள்ளையின் குற்றமில்லை.

இரண்டாம் வருடமும் ஆசையாக வாசித்தால் 88 கட்டையும் கனமான அழுத்தமும் உள்ள டிஜிட்டல் பியானோ பற்றி யோசிக்கலாம். யாரோ பழைய பியானோவைச் சும்மா தருகிறார்கள் என்று மட்டும் ஓடிவிடாதீர்கள். உள்ளே இருநூறுக்கு மேல் கம்பி இருக்கிறது. துருப்பிடித்து, கரையான் தின்று, பாதிக் கட்டை எழும்பாமல் கிடந்தால் ரிப்பேர் செலவில் புதிதே வாங்கிவிடலாம்.

எது வாங்கினாலும் ஹாலில் வையுங்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"பொண்ணுக்கு நாலு வயசு. இப்பவே சேர்த்தா சீக்கிரம் வந்துடுவாளா?"

சீக்கிரம் எங்கே வர வேண்டும்? நாலு வயதில் என்னிடம் வருகிறவர்கள் கீழ்க்கட்டைகளில் யானை நடக்கவைப்பார்கள், மேல்கட்டைகளில் குருவி பறக்கவைப்பார்கள். பத்து நிமிடம் ஓடும். அதை வகுப்பு என்று சொல்லிப் பணம் வாங்க எனக்கே கூச்சமாக இருப்பதால், ஆறு ஏழு வயதில் வரச் சொல்கிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் மூத்த மகனுக்குப் பாடப் புத்தகம் எழுதத் தொடங்கியது 1720-இல். அப்போது பையனுக்கு 9 வயது.

"தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கணும்னு சொல்றாங்களே?"

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். பத்து வயதில் அரை மணி. அதையும் இரண்டாகப் பிரித்து, பள்ளிக்கு முன் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம் என்று வாசித்தால் இன்னும் நல்லது. ஆறு நாள் தொடாமல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதில் முதுகு வலிதான் மிச்சம்.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி மூன்று நிமிடம் பிள்ளையுடையது. எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், பழைய பாட்டு, சொந்தமாகப் போட்ட மெட்டு, வெறும் இடிச்சத்தம், எதுவும். நான் திருத்தமாட்டேன். வீட்டிலும் அப்படியே விடுங்கள். அந்த மூன்று நிமிடம் தானாகவே பத்து நிமிடமாக நீளும். நீளும்போது, "பாடத்தை இப்படி வாசிச்சா என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

"ஆரம்பத்துல குதிச்சுக்கிட்டு வந்தான். மூணு மாசம்தான் ஆச்சு, இப்ப கிளாஸ்னாலே வயித்து வலிங்கிறான்."

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவன் உட்காரும் விதத்தைப் பாருங்கள். ஒரு பையன் இப்படித்தான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். நான் பாடத்தைச் சுலபமாக்கிப் பார்த்தேன், ஸ்டிக்கர் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: வீட்டில் எடுத்த வீடியோவில் அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், கால் தரையில் படவில்லை, முழங்கை கட்டையை விடத் தாழ்ந்து கிடக்கிறது, தோள் இரண்டும் காதைத் தொடுகிறது. அப்படி உட்கார்ந்தால் எனக்கே அழுகை வரும். நாற்காலியில் தலையணை, காலுக்குக் கீழே மனைப்பலகை. அடுத்த வாரம் பையனின் முகம் மாறியிருந்தது.

இரண்டாவது காரணம், பாடம் ஒரே தாவலாகத் தாவியிருக்கும். முதல் மாதம் ஒரு கை, மூன்றாவது மாதம் இரண்டு கையும் வெவ்வேறு வேலை. இது ஆசிரியர் வேகம் குறைக்க வேண்டிய விஷயம். தயங்காமல் போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பிசகுக்கும் "தப்பு" என்று சொல்லும் அம்மா அல்லது அப்பா. பிள்ளைக்கே காதில் விழுந்திருக்கும், திருத்துவதற்குள் நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள். ஒரு அம்மாவிடம், "சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள், முடிந்ததும் பிடித்த இடத்தை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். "அந்த ரெண்டாவது பாட்டு கடைசியில மெதுவா முடிச்சியே, நல்லா இருந்துச்சு" என்றாராம். பெண் அதையே நாலு தடவை வாசித்திருக்கிறாள்.

"கையில ஒரு அடி வெச்சாத்தான் வரும்னு எங்க மாமனார் சொல்றார்."

வராது. எனக்கு வந்தது அடிதான். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன்.

"ஸ்கேலும் எக்சர்சைஸும் போரடிக்குதுங்கிறா. விட்டுடலாமா?"

ஸ்கேலை, அதாவது சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பதை, விடவேண்டாம், பயிற்சிப் புத்தகத்தை விடலாம். ஹானன் என்ற பிரெஞ்சுக்காரரின் 60 பயிற்சிகள் இன்றும் எல்லா வகுப்பிலும் ஓடுகின்றன. பெரியவர்களுக்குப் பயன் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம் முதல் பக்கத்திலிருந்து கொடுத்தால் தண்டனை மாதிரிதான் இருக்கும். ஸ்கேலையே மெல்ல, உரக்க, தத்தித் தத்தி, இடது கை மட்டும், கண்ணை மூடிக்கொண்டு என்று மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இளம் வயதில் வலது கை விரல் கெட்டுப்போய் மேடைக் கனவைக் கைவிட்டவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன். அவரே 1848-இல், மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கென்று சின்னச் சின்ன பியானோ உருப்படிகளாக எழுத ஆரம்பித்து, 43 உருப்படிகளில் முடித்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் இதேபோல் 153 எழுதினார். விரலுக்கு வேண்டிய எல்லாப் பயிற்சியும் அவற்றுக்குள் இருக்கிறது. ஆனால் கேட்பதற்குப் பயிற்சி மாதிரி இருக்காது.

"எப்ப வாசிச்சாலும் ஒரே இடத்துல தடுக்குறா. திரும்பத் திரும்ப முதல்ல இருந்து வாசிக்கச் சொல்றோம், சரியாகலை."

முதலிலிருந்து வாசிப்பதால்தான் சரியாகவில்லை. ஆரம்ப வரி நூறு தடவை வாசித்துப் பளபளவென்று இருக்கும், தடுக்குகிற இடம் நூறு தடவையும் தடுக்கியே பழகியிருக்கும். அந்த இரண்டு பாரை (நோட்ஸில் இரண்டு குத்துக்கோட்டுக்கு நடுவில் இருக்கும் பகுதிதான் ஒரு பார்) மட்டும் பென்சிலால் கட்டம் கட்டுங்கள். ஒரு கை, பிறகு மறு கை, பிறகு ஆமை வேகத்தில் இரண்டும். மூன்று தடவை தடுக்காமல் வந்தால் அன்றைக்கு அது போதும், எழுந்து போகலாம்.

இன்னொரு வழி, கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படிப்பது. கடைசி வரி நன்றாகத் தெரிந்தபின் அதற்கு முந்தைய வரி. வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவதால் பயம் குறையும். என் மாணவர்கள் இதை 'வீட்டுக்குப் போற வழி' என்பார்கள்.

"பாட்டு கிளாஸும் போறா. கர்நாடக சங்கீதமும் பியானோவும் ஒண்ணா கத்துக்கிட்டா குழம்பிடாதா?"

குழம்பாது. எனக்கு இரண்டாவது உயிர் வந்ததே இந்த வழியில்தான். எங்கள் வீட்டில் ஒரு பழைய அப்ரைட் பியானோ உண்டு. பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியா போன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் அப்பா வாங்கியது. நான் படித்த இடத்தில் விரல் தப்பினால் மர ஸ்கேலால் முட்டியில் விழும். பியானோ பரீட்சையில் ஐந்தாவது கிரேடு பாஸ் செய்த அன்றைக்கு மூடியைச் சாத்தினேன். ஆறு வருடம் திறக்கவில்லை. அதன்மேல் இஸ்திரித் துணி அடுக்கினோம்.

2012, தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு ராத்திரி புழுக்கத்தில் தூக்கம் வராமல் துணியை இறக்கிவைத்துவிட்டு இருட்டில் மூடியைத் திறந்தேன். வெள்ளைக் கட்டை தெரியவில்லை, ஆனால் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக விரலுக்குத் தட்டுப்பட்டன. அவற்றை மட்டும் தொட்டுக்கொண்டே போனேன். திண்ணையில் விசிறிக்கொண்டிருந்த பாட்டி, "மோகனமா?" என்றாள். எனக்கு ராகம் எதுவும் தெரியாது. சும்மா வேறொரு கட்டையில் போய் நின்று நின்று வாசித்தேன். "இப்ப ஹிந்தோளத்துக்குப் போயிட்டியே" என்றாள். அவள் பியானோவைத் தொட்டதே இல்லை. கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

விஷயம் இதுதான். மூன்று கறுப்புக் கட்டைக் கூட்டத்தில் முதலாவதை ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைத்துக் கறுப்பிலேயே ஏறினால் மோகனம். இரண்டாவதை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, மூன்றாவதை வைத்தால் ஹிந்தோளம். இரண்டு கட்டைக் கூட்டத்தில் முதலாவது சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. அதே ஐந்து கட்டைகள், ஐந்து ராகங்கள். வெள்ளையில் 'சி'யிலிருந்து ஏறினால் சங்கராபரணம், 'எஃப்'பிலிருந்து ஏறினால் கல்யாணி. பாட்டு கற்கும் பெண்ணுக்கு இதைக் காட்டினால் அன்றைக்கு எழுப்ப முடியாது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கமகம், அதாவது சுரத்தை வளைத்து அசைப்பது, வராது. வீணையில் தந்தியை இழுக்கலாம், பியானோவில் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் எதுவும் இல்லை. 'ஈ'யிலிருந்து வெள்ளையில் ஏறினால் தோடியின் சுரங்கள் அத்தனையும் கிடைக்கும், தோடி கிடைக்காது.

"சினிமாப் பாட்டு வாசிச்சா டீச்சர் திட்டுறாங்களாம். தப்பா?"

1725-இல் பாக் தன் மனைவி அன்னா மக்தலேனாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் வாசிக்கப் பிடித்ததை அதில் எழுதிக்கொண்டார்கள். பியானோ படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கும் 'மினுவெட் இன் ஜி' அதில்தான் இருக்கிறது. ரொம்ப காலம் பாக் எழுதியது என்றே நம்பினார்கள். உண்மையில் அது பெட்ஸோல்ட் என்ற வேறொருவருடையது. பாக் வீட்டிலேயே பிடித்த பாட்டை எங்கிருந்தோ எடுத்து எழுதிவைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் வாசித்தால் என்ன?

சினிமாப் பாட்டில் ஒரு கூடுதல் லாபம், மெட்டு ஏற்கெனவே காதில் இருக்கிறது. தப்பு வந்தால் நான் சொல்லவேண்டியதில்லை. நோட்ஸ், அதாவது இசை எழுதிய தாள், தேடித் தராதீர்கள், அவனே கட்டையில் தடவிக் கண்டுபிடிக்கட்டும். வலது கைக்கு மெட்டு, இடது கைக்கு இரண்டே இரண்டு கார்ட் (சில கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது), அவ்வளவுதான் ஆரம்பம்.

"யூடியூப்ல கலர் கலரா கட்டை விழுமே, அதைப் பார்த்தே வாசிச்சுடறான். நோட்ஸ் படிக்க மாட்டேங்கிறான்."

வாசிக்கிறானே என்று முதலில் சந்தோஷப்படுங்கள். நாம் எல்லோரும் பேசக் கற்ற பிறகுதான் எழுத்துக்கூட்டக் கற்றோம். ஆனால் அந்த வீடியோவில் எந்தக் கட்டை, எப்போது என்பது மட்டும்தான் தெரியும். எங்கே மூச்சு விட வேண்டும், எந்த விரல், எங்கே மெல்ல என்பதெல்லாம் தாளில்தான் இருக்கும். ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான், நோட்ஸ் தெரிந்த பிள்ளை அதை இரண்டு நாளில் முடித்துவிடும்.

அவன் வாசிக்கும் பாடத்தை விட இரண்டு நிலை கீழே உள்ள புத்தகம் ஒன்றை வாங்கிக்கொடுங்கள். தினமும் இதுவரை பார்க்காத ஒரே ஒரு வரி. தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது, திரும்ப வாசிக்கவும் கூடாது. பேப்பரில் தலைப்புச் செய்தி பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

"கிரேடு எக்ஸாம் எழுதாம கத்துக்கிட்டா என்ன பிரயோஜனம்?"

நான் பரீட்சைக்கு எதிரி இல்லை. வருடா வருடம் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறேன். நூற்றுக்கு 60 வாங்கினால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஒரு தேதி இருந்தால் சில பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிறது, தெரியாத ஒருவர் முன் உட்கார்ந்து வாசிக்கிற தைரியமும் வருகிறது.

கோளாறு எங்கே என்றால், பரீட்சைக்கு வேண்டியது மூன்று உருப்படிகள். அந்த மூன்றையே வருடம் முழுக்க அரைக்கிறோம். முடிந்ததும் மறுநாளே அடுத்த கிரேடின் மூன்று. இப்படி ஐந்து வருடத்தில் ஐந்து கிரேடு, ஆனால் மொத்தச் சொத்து 15 உருப்படிகள், அதிலும் பாதி மறந்துபோயிருக்கும். சான்றிதழ் ஃபிரேமில் தொங்கும், தங்கையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது பிறந்தநாள் பாட்டு வாசிக்கத் தெரியாமல் நிற்பார்கள். நான் நின்றிருக்கிறேன், ஐந்தாவது கிரேடு முடித்துவிட்டு.

அதனால் என்னிடம் ஒரு கிரேடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது ஆறு மாதம் இடைவெளி உண்டு. அந்த ஆறு மாதத்தில் பரீட்சைக்குச் சம்பந்தமில்லாத பத்து உருப்படிகளாவது படிக்க வேண்டும், சுலபமானவையாக இருந்தாலும் பரவாயில்லை. "ஒரு வருஷம் வீணாப் போகுதே" என்று இரண்டு குடும்பங்கள் வேறு ஆசிரியரிடம் போய்விட்டன. போகட்டும்.

"லிடியன் மாதிரி வரணும்னு ஆசை. பக்கத்து வீட்டுப் பையனே மூணாவது கிரேடு முடிச்சுட்டான், இவன் இன்னும் ஒண்ணுலயே நிக்கிறான்."

லிடியன் நாதஸ்வரம் 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து ஜெயித்ததிலிருந்து இந்தக் கேள்வி நிற்கவில்லை. அப்பா இசையமைப்பாளராக இருக்கும் வீட்டில் வளர்ந்த அபூர்வமான பையன். அவர் வீடியோவைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள், வாயைப் பிளந்து ரசியுங்கள், "நீயும் இருக்கியே" என்று மட்டும் சேர்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் பற்றி, முந்தைய கேள்வியின் பதிலைப் படியுங்கள்.

"சொந்தக்காரங்க வந்தா வாசிச்சுக் காட்டச் சொன்னா உள்ள ஓடிப்போயிடறா. இத்தனை செலவு பண்றோம்..."

அத்தைக்கு வாசித்துக் காட்டச் சொல்லும்போது அத்தை டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார், மாமா போனில் பேசிக்கொண்டிருக்கிறார். பாதியில் காபி வருகிறது. நானாக இருந்தாலும் ஓடுவேன். வாசிக்கச் சொன்னால் இரண்டு நிமிடம் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள். இல்லாவிட்டால் கேட்காதீர்கள். வகுப்பிலேயே எப்போதும் ஒரு உருப்படியைத் 'தயாராக' வைத்திருக்கச் சொல்வேன், கை தூக்கத்திலும் வாசிக்கிற மாதிரி. யாராவது கேட்டால் அது. புதிதாகப் படிப்பதை யாருக்கும் காட்டவேண்டியதில்லை.

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு. பொண்ணைக் கூட்டிட்டு வந்து வந்து எனக்கே ஆசை வந்துடுச்சு. விரல் வளையுமா?"

வளையும், கொஞ்சம் முனகிக்கொண்டே. இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றது சென்னைக்கு வந்த பிறகு, இருபதுகளின் நடுவில்தான். அவர் ஏற்கெனவே கைதேர்ந்த கலைஞர், அது வேறு விஷயம். பெரியவர்களுக்கு விரல் பெரிய தடை இல்லை, காதுதான் தடை. நல்ல வாசிப்பு எப்படி இருக்கும் என்று நாற்பது வருடம் கேட்டுப் பழகியிருப்பீர்கள், உங்கள் கையிலிருந்து வருவதைக் கேட்கச் சகிக்காது. குழந்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் மாதமே இரண்டு கட்டையில் ஒரு தாலாட்டு வாசித்துப் பாருங்கள். மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாலு கை வாசிப்பு வாசித்தால் இருவருக்கும் லாபம், அவள் உங்களைத் திருத்துவாள்.

"டென்த் வந்துடுச்சு மிஸ். ஒரு வருஷம் நிறுத்திடலாம்னு..."

வகுப்பை நிறுத்துங்கள், எனக்கு வருத்தமில்லை. கீபோர்டைப் பரணில் ஏற்றாதீர்கள். ஹாலில் வையுங்கள் என்று முதல் கேள்வியில் சொன்னது இதற்காகத்தான். பிளக் மாட்டியே இருக்கட்டும், மேலே உறை போடவேண்டாம். கணக்குப் போட்டு மூளை சூடான நேரத்தில் எழுந்து வந்து ஐந்து நிமிடம் தட்டிவிட்டுப் போவார்கள். பரீட்சை முடிந்து என்னிடம் திரும்பி வந்தவர்கள் அநேகமாக எல்லோருமே கீபோர்டு ஹாலில் இருந்த வீட்டுப் பிள்ளைகள்.

"சந்தோஷம் சந்தோஷம்னு சொல்றீங்க. அப்படியே விட்டா ஒழுங்கா எப்ப கத்துக்குவாங்க?"

நான் எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. தடுக்குகிற இரண்டு பாரை ஆமை வேகத்தில் வாசிப்பது கடினமான வேலை. ஆனால் முந்தாநாள் வராதது இன்று வந்துவிட்டது என்று பிள்ளைக்குத் தெரிகிற கணம் இருக்கிறதே, தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பார்கள், அதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். அது விளையாட்டால் மட்டும் வராது, அடியாலும் வராது. வேலை அளவாக இருக்க வேண்டும், பலன் அன்றைக்கே காதில் கேட்க வேண்டும். எட்டாவது கிரேடில் சந்தோஷம் கிடைக்கும், அதுவரை பல்லைக் கடித்துக்கொள் என்று சொன்னால், அங்கே போய்ச் சேருகிறவர்களுக்குப் பல் மட்டும்தான் மிஞ்சும்.

"எல்லாம் பண்ணிப் பார்த்துட்டோம். அவனுக்குப் பிடிக்கவே இல்லைன்னா?"

நிறுத்திவிடுங்கள். திட்டாமல், கட்டிய பணத்தைச் சொல்லிக்காட்டாமல். கடைசி வகுப்பில் அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை வாசித்துவிட்டுப் போகட்டும், கசப்போடு போகவேண்டாம்.

ஒரு பையன் அப்படிப் போனான். இப்போது ஃபுட்பால் ஆடுகிறான். போன மாதம் அவன் அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன். ஜங்ஷனில் அறிவிப்புக்கு முன்னால் ஒரு மணிச்சத்தம் வருமே, அதைக் கீபோர்டில் தேடிக்கொண்டு ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். "திரும்பச் சேர்த்துடட்டுமா மிஸ்?" என்றார். அவன் கேட்டால் பார்க்கலாம் என்றேன். இன்னும் கேட்கவில்லை. மணிச்சத்தம் மட்டும் கிடைத்துவிட்டதாம்.